மகளின் கால் வளைகிறது, மாடும் விறைத்து நடக்கிறது... போர் தண்ணீர்தான் காரணமா?

''எங்களுக்கு இரண்டு ஏக்கர் நிலமும் ஒரு போர்வெல்லும் இருக்கின்றன. பத்து வயது மகள் நேராக நின்றால் முட்டிகள் இடித்துக்கொள்கின்றன, கணுக்கால்கள் விலகி நிற்கின்றன. செருப்பு எப்போதும் உள்பக்கமாகவே தேய்கிறது. பற்களில் பழுப்புக் கறையும் இருக்கிறது. எங்கள் பசுவும் சில மாதங்களாகக் கால் விறைத்து நடக்கிறது. குடிக்க ஒகேனக்கல் தண்ணீரைப் பிடித்து வைக்கிறோம். சமையலுக்கும் மாட்டுக்கும் போர் தண்ணீர்தான். இரண்டுக்கும் ஒரே காரணம் இருக்குமா?''

- வாசகி ஒருவர், தொப்பூர்.

இருக்கலாம் சகோதரி. மகளையும் மாட்டையும் சேர்த்துப் பார்த்தீர்களே, அதுதான் சரியான பார்வை. இந்த நோயை நம் நாட்டில் முதலில் கவனித்தவர்களே விவசாயிகள்தான். 1930-களில், அன்றைய சென்னை மாகாணத்தின் நெல்லூர் மாவட்டத்தில் உழவு மாடுகள் மூட்டு விறைத்து நடக்க முடியாமல் நின்றதை அவர்கள் கண்டார்கள். அதே விறைப்பு மனிதர்களிடமும் இருப்பதை, கிண்டி கிங் நிலையத்தைச் சேர்ந்த டாக்டர் ஷார்ட் குழுவினர் 1937-ல் ஆய்வுக் கட்டுரையாக வெளியிட்டனர். குடிநீரில் இருந்த ஃப்ளோரைடுதான் காரணம்.

தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களுக்கும் இது பழைய பிரச்னை. நம் நிலத்தடியில் இருப்பது கடினப்பாறை. அதன் இடுக்குகளில் நெடுங்காலம் தேங்கும் நீரில் பாறையிலுள்ள ஃப்ளோரைடு கரைகிறது. 2013-ல் பயன்பாட்டுக்கு வந்த ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்தின் பெயரிலேயே 'ஃப்ளோரோசிஸ் பாதிப்பு தணிப்பு' என்பதும் சேர்ந்திருக்கிறது.

குடிநீரில் லிட்டருக்கு 1 மில்லிகிராம் வரை ஃப்ளோரைடு இருக்கலாம் என்கிறது இந்தியத் தர நிர்ணயம். வேறு நீராதாரமே இல்லாத இடத்தில் 1.5 மில்லிகிராம் வரை அனுமதி. அதைத் தாண்டிய தண்ணீரைப் பல ஆண்டுகள் குடித்தால் முதலில் வளரும் பல்லில் கறை விழும். அளவு இன்னும் கூடினால் எலும்பிலும் தசைநார்களிலும் ஃப்ளோரைடு சேர்ந்து முதுகும் மூட்டும் இறுகும். முற்றிய நிலையில் தண்டுவடம் நெருக்கப்பட்டு நடையே நின்றுபோகும்.

குழந்தைகளுக்கு இன்னொரு ஆபத்தும் உண்டு. ஐதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவன ஆய்வாளர்கள், ஃப்ளோரைடு மிகுந்த பகுதிகளில் வளரிளம் பருவத்தினரின் முட்டிகள் உள்நோக்கி வளைவதை 1973-ல் பதிவு செய்தார்கள். முட்டி உள்ளே சாய்ந்தால் உடல் எடை பாதத்தின் உள்ளோரத்தில் இறங்கும், பாதம் தட்டையாகும். செருப்பு உள்பக்கமாகத் தேய்வது அதனால்தான். சுண்ணாம்புச் சத்து குறைந்த குழந்தைகளுக்குப் பாதிப்பு கடுமையாக இருக்கும்.

ஆனால், வளைந்த கால் எல்லாம் ஃப்ளோரைடால் வந்ததல்ல. மூன்று, நான்கு வயதில் முட்டி இடிப்பது இயல்பு. ஏழு வயதுக்குள் பெரும்பாலும் சரியாகிவிடும். வைட்டமின் டி குறைவாலும் கால் வளையும். உங்கள் மகளுக்குப் பத்து வயது என்பதால் காத்திருக்க வேண்டாம். தர்மபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் எலும்பு மருத்துவரிடம் காட்டுங்கள். எக்ஸ்ரே, ரத்தம், சிறுநீர்ப் பரிசோதனைகளில் காரணம் தெரியும்.

அதற்கு முன்பே நீங்கள் செய்ய வேண்டியது, போர் தண்ணீரைப் பரிசோதிப்பது. மோட்டாரை ஐந்து நிமிடம் ஓடவிட்டு, சுத்தமான பிளாஸ்டிக் பாட்டிலில் ஒரு லிட்டர் பிடியுங்கள். கண்ணாடி பாட்டில் வேண்டாம். அதைத் தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்டப் பரிசோதனைக் கூடத்தில் கொடுங்கள். ஃப்ளோரைடுக்கு நிறம், மணம், சுவை எதுவும் கிடையாது. தண்ணீர் இனிப்பாக இருக்கிறது என்று நம்பிவிடாதீர்கள்.

பலரும் செய்யும் தவறு உங்கள் கேள்வியிலேயே இருக்கிறது. குடிக்க ஆற்றுத் தண்ணீர், சமையலுக்கு போர் தண்ணீர். சோறும் களியும் குழம்பும் இழுத்துக்கொள்ளும் தண்ணீர் வயிற்றுக்குத்தானே போகிறது? கொதிக்க வைத்தாலும் ஃப்ளோரைடு போகாது. நீர் சுண்டச் சுண்ட அதன் செறிவு கூடும். எனவே, சமையலுக்கும் ஒகேனக்கல் தண்ணீரையே எடுங்கள். குழாய் வராத நாளுக்குக் கூரையில் பிடித்த மழைநீர் உதவும். அதில் ஃப்ளோரைடு கிட்டத்தட்ட இருக்காது. முதல் மழையைத் தள்ளிவிட்டுப் பிடித்து, மூடி வைத்து, காய்ச்சிக் குடியுங்கள்.

சாப்பாட்டில் நம் மாவட்டத்துக் கேழ்வரகே கைகொடுக்கும். 100 கிராமில் 340 மில்லிகிராம் அளவுக்குச் சுண்ணாம்புச் சத்து உண்டு. பால், மோர், முருங்கைக்கீரை, நெல்லிக்காய் சேருங்கள். புளி சாப்பிட்ட சிறுவர்களின் சிறுநீரில் ஃப்ளோரைடு கூடுதலாக வெளியேறியதாக 2002-ல் தேசிய ஊட்டச்சத்து நிறுவன ஆய்வு ஒன்று சொன்னது. அதற்காகப் புளியை மருந்தாக நினைக்க வேண்டாம். தண்ணீரை மாற்றாமல் உணவை மட்டும் மாற்றிப் பயனில்லை. பால் கலக்காத டீ, பாக்கு, கறுப்பு உப்பு ஆகியவற்றைக் குறையுங்கள்.

பசு விஷயத்துக்கு வருவோம். குளம்பு நோய், பாஸ்பரஸ் குறைவு ஆகியவற்றாலும் மாடு நொண்டும் என்பதால் கால்நடை மருத்துவரைப் பார்க்கச் சொல்லுங்கள். பற்களில் கறையும் சமமில்லாத தேய்மானமும், குளம்பு நீண்டு வளர்வதும், கால் எலும்பில் புடைப்பும் ஃப்ளோரைடின் அடையாளங்கள். தாது உப்புக் கலவை வாங்கும்போது சுத்திகரிக்காத ராக் பாஸ்பேட் சேர்ந்ததைத் தவிருங்கள். அதிலும் ஃப்ளோரைடு உண்டு. பால் கறந்து குடிக்கலாம், மாடு குடித்த ஃப்ளோரைடில் மிகச் சிறிதளவே பாலில் இறங்கும். போர் தண்ணீரை வயலுக்குப் பாய்ச்சுவதையும் நிறுத்த வேண்டியதில்லை. பெரும்பாலான பயிர்கள் ஃப்ளோரைடைக் குறைவாகவே எடுக்கின்றன.

கடைசியாக ஒன்று. இறுகிப்போன பெரியவர்களின் முதுகெலும்பைப் பழைய நிலைக்குக் கொண்டுவர மருந்து இல்லை. வளரும் பிள்ளையின் எலும்பு அப்படியல்ல. இப்போதே தண்ணீரை மாற்றினால் மேலும் வளைவதைத் தடுக்கலாம். ஏற்கெனவே வளைந்ததை நிமிர்த்த, தேவைப்பட்டால் அறுவை சிகிச்சையும் இருக்கிறது. பக்கத்து வீட்டுப் பிள்ளைகளின் பற்களையும் நடையையும் ஒருமுறை பாருங்கள். அவர்கள் வீட்டு போர் தண்ணீரும் உங்கள் பாட்டிலோடு சேர்ந்து தர்மபுரிக்குப் போகட்டும்.