ராத்திரி பன்னிரண்டு மணிக்கு செஸ்!

கிரிக்கெட்டில் செமி ஃபைனலில் தோற்றால்கூட நாலு பேர் 'பாவம்பா' என்பார்கள். செஸ்ஸில் 'கேண்டிடேட்ஸ்' என்று ஒரு போட்டி இருக்கிறது. அதில் இரண்டாவதாக வருகிறவரை யாரும் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. மொத்தம் 8 பேர். ஆளுக்கு ஆள் இரண்டு தடவை மோதல், 14 ரவுண்டு, கிட்டத்தட்ட மூன்று வாரம். முதலில் வருகிறவர் உலக சாம்பியனோடு மோதலாம். மற்ற ஏழு பேரும் பணத்தை வாங்கிக்கொண்டு ஏர்போர்ட்டுக்கு டாக்ஸி பிடிக்க வேண்டியதுதான்.

2024 ஏப்ரலில் இது கனடாவின் டொரான்டோவில் நடந்தபோது, நம்ம சென்னைப் பையன் குகேஷுக்கு வயது 17. ரேட்டிங்படி எட்டுப் பேரில் ஆறாவது. உள்ளே நுழைந்ததே, கிளம்பிவிட்ட பஸ்ஸில் ஓடிப்போய்த் தொற்றிக்கொண்ட மாதிரிதான். 2023 டிசம்பரில் சென்னையில் நடந்த போட்டியில் அர்ஜுன் எரிகைசியும் அவரும் ஒரே பாயிண்ட். டைபிரேக்கில் குகேஷ் முதலிடம். அந்தப் புள்ளிகளின் புண்ணியத்தில் கனடா டிக்கெட். மாக்னஸ் கார்ல்சனோ, இந்தப் பையன் ஜெயிப்பான் என்று தோன்றவில்லை என்று முன்கூட்டியே சொல்லிவிட்டார். (பெரிய மனிதர்களும் ஜோசியத்தில் நம்மைப்போலத்தான்!)

ஆறு ரவுண்டு முடிந்தபோது குகேஷும் ரஷ்யாவின் நெபோம்னியாச்சியும் கூட்டாக முன்னணி. ஏழாவதில் எதிரே அலிரேசா ஃபிரூஸ்ஜா. கை ஓங்கியிருந்தது குகேஷுக்குத்தான். ஆனால் கடிகாரம் என்று ஒரு பிசாசு உண்டே! முதல் 40 மூவுக்கு 2 மணி நேரம். வழக்கமாக ஒவ்வொரு மூவுக்கும் சில விநாடிகள் கொசுறு தருவார்கள். இங்கே 41-வது மூவிலிருந்துதான் கொசுறு. அதற்குள் நேரம் கரைந்தால் கரைந்ததுதான். நாற்பதாவது மூவை நெருங்கும்போது விநாடிகள் ஒழுகிப்போய், கைத்தவறு... தோல்வி. நானாயிருந்தால் அடுத்த நாள் மெடிக்கல் லீவ் போட்டிருப்பேன். குகேஷ் பிற்பாடு சொன்னது வேறு. அதற்கு மறுநாள் ஓய்வு நாள். அன்றைக்குத்தான் 'நாம் நல்ல ஃபார்மில் இருக்கிறோம்' என்று அவருக்குத் தோன்றியதாம். எட்டாவதில் விதித் குஜராத்தியை ஜெயித்தார். பதிமூன்றாவதில் அதே ஃபிரூஸ்ஜாவைத் தீர்த்துக் கட்டினார். ஒரு ரவுண்டு பாக்கி. குகேஷ் 8.5. நெபோ, கருவானா, நகமுரா மூவரும் 8.

கடைசி ரவுண்டு அங்கே ஞாயிறு மதியம் இரண்டரை. நமக்கு ராத்திரி 12. அன்றைக்கு நான் பசியாவரத்தில் இருந்தேன். பழவேற்காடு ஏரிக்குள் இருக்கிற மீனவக் கிராமம். ஆபீஸ் நண்பனின் சொந்த ஊர். வெள்ளிக்கிழமை ஓட்டுப் போட்ட மை விரலில் காயவில்லை. திங்கட்கிழமைக்கு ஒரு கேஷுவல் லீவைத் தியாகம் செய்துவிட்டுப் படகில் வந்து இறங்கியிருந்தோம். மீன் வைக்கிற ஐஸ்பெட்டியில் செல்போனைச் சாய்த்து வைத்தால், காற்று அடிக்கிற திசையைப் பொறுத்து சிக்னல் வந்தது. நாங்கள் நாலைந்து பேர். நண்பனின் சித்தப்பாவும் தூக்கம் வராமல் வந்து உட்கார்ந்துகொண்டார்.

"இன்னாப்பா, ரெண்டு பேரும் அசையாம குந்திக்கினு இருக்கானுங்க... படம் நின்னுபூட்சா?"

"இல்ல சித்தப்பா, யோசிக்கறாங்க."

"ஒரு மணி நேரமாவா!"

சித்தப்பாவுக்குக் குதிரைக்கும் யானைக்கும் வித்தியாசம் தெரியாது. ஆனால் யார் யாரோடு எந்த நாளில் மோதுவது என்பதைச் சீட்டுக் குலுக்கித் தீர்மானிக்கிறார்கள் என்றதும் நிமிர்ந்து உட்கார்ந்தார். "அட, நம்ம பாடு மாதிரி!" என்றார். இந்த ஏரியில் சுத்துவலை போட 'பாடு' என்று ஒரு முறை தலைமுறை தலைமுறையாக இருக்கிறது. எந்த நாளில் எந்த இடம் யாருக்கு என்பதைக் குலுக்கல் போட்டு முறை வைத்துவிடுவார்கள். உன் முறை இல்லாத நாளில் இறால் துள்ளினாலும் கையைக் கட்டிக்கொண்டு கரையில் நிற்க வேண்டும். பாடு உரிமை இல்லாத ஊர்க்காரர்களுக்கு இதில் வருத்தம் உண்டு, அது வேறு கதை.

"சரி தம்பி, ஒரே ஊர்க்காரனுங்க ரெண்டு பேரு கடேசி நாள்ல மோதுனா? பேசி வெச்சிக்கினு வுட்டுக் குடுத்துட மாட்டானுங்க?"

அசந்துவிட்டேன். அதற்காகவே சட்டம் இருக்கிறது! ஒரே நாட்டுக்காரர்கள் போட்டியின் இரண்டு பாதியிலும் ஆரம்ப ரவுண்டுகளிலேயே மோதித் தீர்த்துக்கொள்ள வேண்டும். குகேஷின் முதல் இரண்டு ஆட்டமும் விதித், பிரக்ஞானந்தா என்று நம்மவர்களோடுதான். சித்தப்பாவுக்குத் திருப்தி.

நகமுராவோடு கறுப்புக் காயில் குகேஷ் டிரா செய்தார். 9 பாயிண்ட். நாங்கள் துள்ளிக் குதிக்கப் போக, நண்பன் தடுத்தான். கருவானா - நெபோ ஆட்டம் பாக்கி. இருவரில் யார் ஜெயித்தாலும் அவருக்கும் 9, மறுநாள் டைபிரேக். டிரா ஆனால் மட்டும் குகேஷ். அந்த போர்டில் கருவானாவுக்கு வெற்றி நிலை! கம்ப்யூட்டர் பட்டை முக்கால்வாசி வெள்ளையாகிவிட்டது.

இதில்தான் கொடுமை. மூன்று வாரம் உழைத்தது குகேஷ்; தலையெழுத்து வேறு இரண்டு பேர் கையில். அவருக்கு அன்றைக்கு 'பாடு' முடிந்துவிட்டது. பயிற்சியாளர் கயெவ்ஸ்கியோடு வெளியே காலாற நடக்கப் போய்விட்டாராம். எங்களுக்கு நடக்கவும் வழியில்லை, சுற்றிலும் தண்ணீர்!

கருவானாவும் களைத்திருந்தார். ஜெயிக்கிற வழி ஒருமுறை நழுவியது. மறுபடி கிடைத்தது, மறுபடி நழுவியது. 109-வது மூவில் டிரா. இருவரும் எழுந்திருக்கவில்லை. நெபோ மன்னிப்புக் கேட்க, கருவானா தப்பு தன்னுடையது என்றார். எனக்கு அந்தக் காட்சிதான் இன்றும் நினைவில் நிற்கிறது. குகேஷின் சிரிப்பு அப்புறம்தான். கேண்டிடேட்ஸை ஜெயித்தவர்களில் அவரைவிட இளையவர் கிடையாது. முன்பு அந்தப் பெருமை 1984-ல் 20 வயதில் ஜெயித்த காஸ்பரோவுக்கு.

அப்புறம் நடந்தது உங்களுக்குத் தெரியும். 2024 டிசம்பர் 12, சிங்கப்பூர், டிங் லிரன், உலக சாம்பியன் பட்டம். 2025 செப்டம்பரில் சமர்கண்டில் அதே குகேஷ் அடுத்தடுத்து மூன்று ஆட்டம் தோற்றதும் தெரிந்திருக்கும்.

அன்று விடிகாலை, ஏரி வெளுக்கிற நேரத்தில், சித்தப்பா கேட்டது ஒரே கேள்வி.

"இந்தப் புள்ளைக்கு வலை வாங்கிக் குடுத்தது யாரு?"

சொன்னேன். அப்பா பெயர் ரஜினிகாந்த். காது மூக்கு தொண்டை சர்ஜன். பையனோடு ஊர் ஊராகப் போவதற்காக 2017-18-ல் பிராக்டீஸையே நிறுத்தி வைத்தார். வீடு ஓடியது மைக்ரோபயாலஜிஸ்டான அம்மா பத்மாவின் சம்பளத்தில். போட்டிச் செலவுக்கு நண்பர்கள் கை கொடுத்தார்கள். 2019 ஜனவரியில் பையன் கிராண்ட்மாஸ்டர், 12 வயது 7 மாதத்தில்.

"அப்ப அந்தம்மாவுக்குத்தான் முதல் பங்கு" என்று சொல்லிவிட்டு, ஐஸ்பெட்டியிலிருந்து என் செல்போனை எடுத்து என்னிடம் கொடுத்தார். பெட்டி அவருக்கு வேண்டியிருந்தது.