வீட்டு விஞ்ஞானம்: ஆள் அறிந்து எரியும் விளக்கு

பிழைப்பின் பொருட்டுத் தங்கவயலை விட்டுப் பெங்களூரிலும் அதற்கப்பால் கடல் கடந்த நாடுகளிலும் வாழும் நம் அன்பர்கள், விடுமுறைக்கு ஊர் திரும்பும்போது பெற்றோருக்கென ஏதேனும் ஒரு புதுப்பொருள் வாங்கி வருவது வழக்கம். அவ்வரிசையில் இப்போது ஒரு சுவர்ச் சுவிட்சும் சேர்ந்திருக்கின்றது. அதன் நடுவில் பால் போன்ற வெண்ணிறத்தில் சிறு வில்லை ஒன்று இருக்கும். ஆள் அறையினுள் நுழைந்தால் விளக்கு தானே எரியும். அறை வெறுமையாகிச் சிறிது நேரம் சென்றதும் தானே அணையும். இதனை வாங்கலாமா, எங்கே பொருத்தலாம், மின்கட்டணம் குறையுமா என்னும் வினாக்கள் எழுவது இயல்பே. இத்திங்கள் அவற்றைச் சிறிது ஆராய்வோம்.

முதலில், சுவிட்சு ஆளை எவ்வாறு அறிகின்றது? அது ஆளைக் காண்பதில்லை; ஆளின் வெப்பத்தை உணர்கின்றது. உயிருள்ள உடலிலிருந்து கண்ணுக்குப் புலனாகாத வெப்பக் கதிர்கள் எந்நேரமும் வெளிப்பட்டுக் கொண்டேயிருக்கின்றன. ஒளியின் சிவப்பு நிறத்துக்கு அப்பால் இத்தகைய கதிர்கள் உண்டு என்பதை வில்லியம் ஹெர்ஷல் என்னும் வானநூல் அறிஞர் 1800-ஆம் ஆண்டில் கண்டறிந்தார். அக்கதிர்கள் பட்டவுடன் மின்னேற்றம் பெறும் பொருளொன்று சுவிட்சினுள் இருக்கின்றது.

இப்பண்பு உலகத்துக்குத் தெரியவந்த கதை நமக்கு அண்மையில் உள்ள இலங்கையோடு தொடர்புடையது. 18-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் டச்சு வணிகர் இலங்கையிலிருந்து ஒருவகைக் கல்லை ஐரோப்பாவுக்குக் கொண்டு சென்றனர். சூடேறிய அக்கல் புகைக்குழாயின் சாம்பலைத் தன்பால் இழுத்ததைக் கண்டு, அதற்குச் ‘சாம்பல் இழுப்பான்’ என்றே பெயரிட்டனர். டூர்மலின் என வழங்கும் அக்கல்லின் பெயரும் சிங்களச் சொல்லிலிருந்து பிறந்ததே. வெப்பம் மாறும்போது மின்னேற்றம் பெறும் அதே பண்புதான் இன்று நம் வீட்டுச் சுவரில் வேலை செய்கின்றது.

இங்கே ‘மாறும்போது’ என்னும் சொல்லை வாசகர்கள் நன்கு நினைவிற் கொள்ள வேண்டும். மேலேயுள்ள வெண்ணிற வில்லை, அறையைப் பல பகுதிகளாகப் பிரித்துக் காட்டுகின்றது. மனிதன் ஒரு பகுதியிலிருந்து மற்றொன்றுக்கு நகரும்போதுதான் கருவிக்குச் செய்தி கிட்டுகின்றது. அசையாதிருப்பவனை அது அறியாது. ஆழ்ந்து படிக்கும் மாணவனும், கண்மூடிச் செபிக்கும் பாட்டியும் அதன் கணக்கில் இல்லாதவர்களே. சுவருக்குப் பின்னும், மூடிய கதவுக்குப் பின்னும், சன்னற் கண்ணாடிக்குப் பின்னும் நடப்பதையும் அது உணராது. மேலும், உடலுக்கும் சுற்றுப்புறத்துக்கும் வெப்ப வேறுபாடு குறையக் குறைய அதன் கூர்மையும் குறையும். நம் ஊர் மேட்டுநிலமாகையால் இக்குறை இங்கே பெரிதன்று. வேலூர் வெயிலிலும் வளைகுடாக் கோடையிலும் வாழ்வோர் இதனைக் கருத வேண்டும்.

மின்னலைகளை வீசி, அவை திரும்பி வருவதைக் கொண்டு அசைவை அறியும் வேறொரு வகையும் கடைகளில் கிடைக்கின்றது. சிறு அசைவையும் அது பிடித்துவிடும். ஆனால் அவ்வலைகள் மெல்லிய தடுப்பையும் மரக்கதவையும் ஊடுருவக் கூடியவை. வரிசையாக ஒன்றோடொன்று ஒட்டி நிற்கும் லைன் வீடுகளில் இதனைப் பொருத்தினால், தெருவிலோ அடுத்த இல்லத்திலோ ஒருவர் எழுந்து நடக்க, நம் வீட்டு விளக்கு எரியவும் கூடும். ஆகவே நம்மனோர் வீடுகளுக்கு வெப்பம் உணரும் வகையே ஏற்றது.

இனிக் கட்டணக் கணக்கைப் பார்ப்போம். 9 வாட் எல்.ஈ.டி. விளக்கொன்று நாள்தோறும் 5 மணி நேரம் வீணே எரிவதாகக் கொள்வோம். ஆண்டு முழுவதும் சேர்ந்து அதன் விரயம் 16 யூனிட்டுச் சொச்சமே. இச்சுவிட்சோ இரவும் பகலும் விழித்திருக்க வேண்டியிருப்பதால் தானும் சிறிது மின்சாரம் உண்ணும். அரை வாட் என்றாலும் ஆண்டுக்கு 4 யூனிட்டுக்கு மேல் ஆகின்றது. எஞ்சுவது 12 யூனிட்டு. பழைய குழல் விளக்கு சோக்குடன் சேர்ந்து 50 வாட் உண்ட காலத்தில் அதே 5 மணி நேர விரயம் ஆண்டுக்கு 91 யூனிட்டாக இருந்திருக்கும். அப்போது இச்சுவிட்சு தன் விலையை விரைவில் ஈட்டித் தந்திருக்கும். மேலும், கர்நாடக அரசு 2023-இல் தொடங்கிய கிருக ஜோதித் திட்டம், தகுதி பெற்ற வீடுகளுக்கு அவற்றின் முந்தைய சராசரிப் பயனை ஒட்டி, மாதம் 200 யூனிட்டு என்னும் வரம்புக்குள் கட்டணமின்றி மின்சாரம் வழங்க வகை செய்தது. ஆகவே, பணம் மிச்சமாகும் என்று எண்ணி இதனை வீட்டுக்கு வாங்குவோர் ஏமாற்றமே அடைவர். பழைய குழல் விளக்கு இன்னும் இருக்குமாயின் முதலில் அதனை மாற்றுவதே அறிவுடைமை.

அப்படியாயின் இச்சுவிட்சு பயனற்றதா? அன்று. விளக்கின் மதிப்பை யூனிட்டால் மட்டும் அளப்பதுதான் தவறு. நம் தங்கவயலுக்கு மின்சாரம் வந்த வரலாறு இவ்விடத்தில் நினைக்கத் தக்கது. காவிரியின் சிவசமுத்திர அருவியில் பிறந்த மின்சாரம், ஏறத்தாழ 92 மைல் தொலைவு கம்பி வழியே வந்து, 1902-ஆம் ஆண்டு ஜூன் திங்களில் இவ்வூரை அடைந்தது. பெங்களூர் நகரமே 1905-இல்தான் மின்விளக்குக் கண்டது. எனினும் அம்மின்சாரம் நம் முன்னோரின் இல்லங்களுக்கு ஒளி தருவதற்காகக் கொணரப்பட்டதன்று. சுரங்கத்தின் யந்திரங்களை ஓட்டுவதற்காகவே கொணரப்பட்டது. ஆற்காட்டிலிருந்தும் சேலத்திலிருந்தும் வந்து இருளில் இறங்கி உழைத்தவர்களின் மக்கள் நாம். சுரங்கங்கள் 2001-ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில் மூடப்பட்டன. அதன்பின் இளைஞர் பலர், பொழுது விடியுமுன் மாரிக்குப்பத்தில் வண்டியேறிப் பெங்களூருக்கு வேலைக்குச் செல்வாராயினர். வேறு பலர் ஊரையே விட்டுச் சென்றனர். வீட்டில் தங்கியிருப்போர் பெரும்பாலும் முதியோர். இரவில் எழுந்து கழிவறைக்குச் செல்லும் பெரியவர், இருளில் சுவரைத் தடவிச் சுவிட்சைத் தேடும் அந்தச் சில நொடிகளில்தான் படி தவறுகின்றது. இளமையில் விழுந்தால் எழுந்துவிடலாம். எழுபதில் இடுப்பெலும்பு முறிந்தால் வாழ்வின் போக்கே மாறிவிடும். மகன் எங்கோ தொலைவில் உறங்கிக் கொண்டிருப்பான். அந்த வேளையில் கை தேடாமலே எரியும் ஒரு விளக்கு, பன்னிரண்டு யூனிட்டைவிடப் பன்மடங்கு பெறுமானமுடையது.

ஆகவே, தானே எரிய வேண்டிய இடங்கள் இவை: படுக்கையிலிருந்து கழிவறை வரை செல்லும் நடை, வாசற்படி, மாடிப்படி, பின்கட்டு. இவ்விடங்களுக்கு 3 வாட் அல்லது 5 வாட் சிறு விளக்கே போதும். பெரிய விளக்கு உறக்கம் தோய்ந்த கண்ணைக் கூசச் செய்யும். பகலில் எரியாவண்ணம் வெளிச்ச அளவை அமைக்கும் திருகு பல சுவிட்சுகளில் உண்டு. அதனைச் சரிசெய்துகொள்ள வேண்டும். ஆள் நேரே நோக்கி வரும் திசையைவிடக் குறுக்கே கடக்கும் திசையில் கருவி விரைந்து உணரும் என்பதையும் கருதி இடம் தேர்வது நலம். அடுப்பு, வெயில் படும் திரை ஆகியவை அதன் பார்வையிற் படலாகாது.

தானே அணையக் கூடாத இடங்களும் உண்டு. சமையலறையில் கொதிக்கும் பாத்திரத்தைக் கையில் ஏந்தியிருக்கையில் விளக்கு அணைதல் ஆபத்து. குளியலறையில் தடுப்புக்குப் பின் இருப்பவரைக் கருவி உணராமற் போகலாம். அங்கே பொருத்தியே தீர வேண்டுமாயின், முழு அறையும் அதன் பார்வையில் இருக்குமாறு கூரையில் பொருத்தி, அணையும் காலத்தைப் பதினைந்து நிமிடத்துக்குக் குறையாமல் வைக்க வேண்டும். படிக்கும் அறைக்கும் படுக்கையறைக்கும் இது வேண்டவே வேண்டா.

இவ்விரண்டுக்கும் நடுவே மூன்றாவதொரு முறை உண்டு. விளக்கை நாமே கையால் ஏற்றுவோம். மறந்தால் மட்டும் அது தானே அணையும். அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலக் கட்டட விதிகள், புதிய வீடுகளின் குளியலறை, துணி துவைக்கும் அறை முதலியவற்றில், ஆளில்லாதபோது தானே அணையும் ஏற்பாட்டைக் கட்டாயமாக்கியிருக்கின்றன. ஏற்றுவதை மனிதர் கைக்கே விட்டிருக்கின்றன. பண்டம் வைக்கும் அறைக்கும் மறதியுடைய வீட்டினருக்கும் இம்முறை பொருந்தும்.

பொருத்தும் வேலையைத் தேர்ந்த மின்பணியாளரிடமே ஒப்படைக்க வேண்டும். இத்தகைய சுவிட்சுகளிற் பல நியூட்ரல் கம்பியும் வேண்டுபவை. சாக்கெட் உள்ள பலகையில் அக்கம்பி பெரும்பாலும் இருக்கும். பழைய வீடுகளில் தனியே நிற்கும் சுவிட்சுப் பெட்டியில் இராது. அதனிடத்தில் எர்த் கம்பியை இணைத்து வேலையை முடித்துவிடுவோர் சிலர் உளர். அது உயிருக்கே தீங்கு, ஒருபோதும் இசையலாகாது. நியூட்ரல் வேண்டாத வகையைப் பொருத்தினால், அணைந்த பின்னும் எல்.ஈ.டி. விளக்கு மங்கலாக மினுக்குவதுண்டு. மின்விசிறியை இச்சுவிட்சில் இணைக்க வேண்டா. நாம் அசையாது உறங்குகையில் அது நின்றுவிடும். பல்பு மாற்றும்போது மெயின் சுவிட்சை அணைத்துவிட்டே கை வைக்க வேண்டும். விளக்கு அணைந்திருப்பதைக் கண்டு மின்சாரம் இல்லை என நம்பலாகாது. மின்சாரம் போய்த் திரும்பிய பின், கருவி நிலைபெற ஒரு நிமிடம் வரை ஆகலாம். ஆகவே, தலையணையருகே ஒரு டார்ச்சு எப்போதும் இருக்கட்டும்.

மின்சாரம் உண்மையாகவே மிச்சமாகும் இடம் எது எனில், பலர் புழங்கும் பொது இடமே. 20 வாட் குழல்கள் பத்து எரியும் கூடமொன்றில், கூட்டம் கலைந்த பின்னும் நான்கு மணி நேரம் அவை எரிந்தால் நாளொன்றுக்கு முக்கால் யூனிட்டுக்கு மேல் வீணாகின்றது. ‘அணைப்பது என் கடமை’ என்று ஒருவரும் எண்ணாத இடத்தில் சுவிட்சு அக்கடமையை ஏற்கட்டும். பள்ளிகளும் சங்கக் கூடங்களும் இதனைக் கருதலாம்.

வீட்டுக்கு வாங்கும் அன்பர்கள் ஒன்று செய்ய வேண்டும். பொருத்தியதோடு கடமை முடிந்ததென்று வண்டியேறிவிடாமல், ஓர் இரவு தங்கி, அப்பாவையும் அம்மாவையும் அவ்வழியே நடக்கச் சொல்லிப் பாருங்கள். மெல்ல நடக்கும் அவர்கள் நடைக்கு அது எரிகின்றதா, வழி முடியுமுன் அணைந்துவிடுகின்றதா என்று கண்டு, அதற்கேற்பக் காலத்தை நீட்டி வையுங்கள். எரியாத இரவில் கையால் எரியச் செய்யும் வழியையும் அவர்களுக்குக் காட்டிக் கொடுத்த பின் விடைபெறுங்கள்.