கிளினிக்கில் படுத்திருந்த ஒரு மணி நேரம் எந்தக் கணக்கில்?

சுங்கை சிப்புட்டில் இரவு எட்டு மணிக்கு மூச்சிரைப்போடு ஒருவர் தனியார் கிளினிக்கிற்குப் போகிறார் என்று வைத்துக்கொள்வோம். மக்கள் 'கேஸ்' வைப்பது என்று சொல்லும் நெபுலைசர் கொடுக்கிறார்கள். உடனே வீட்டுக்கு அனுப்பிவிட முடியாது. மூச்சு சீராகிறதா, ஆக்சிஜன் அளவு ஏறுகிறதா என்று தாதி அடிக்கடி வந்து பார்க்க வேண்டும். ஒரு மணி நேரம், சில வேளை அதற்கு மேலும் ஆகும். கடைசியில் வரும் பில்லில் ஆலோசனைக் கட்டணம், மருந்து, நெபுலைசர் எல்லாம் இருக்கலாம். அந்த ஒரு மணி நேரம் மட்டும் பெரும்பாலும் இருக்காது.

அமெரிக்காவில் இதற்கென்றே குறியீடு உண்டு. மருத்துவரின் மேற்பார்வையில் ஊழியர் நோயாளியுடன் கூடுதலாகச் செலவிடும் முதல் மணி நேரத்துக்கு 99415, அதன் பிறகு ஒவ்வொரு அரை மணிக்கும் 99416. அந்நாட்டுக் காப்புறுதிச் சிக்கல்களை யாரும் இங்கே இறக்குமதி செய்ய வேண்டியதில்லை. ஆனால் கண்காணிப்பும் ஒரு வேலை, அதற்கு ஒரு பெயர் வேண்டும் என்பதை அவர்கள் ஒப்புக்கொண்டிருக்கிறார்கள்.

மலேசியாவில் 2006ஆம் ஆண்டு விதிமுறைகள் தனியார் கிளினிக் ஆலோசனைக் கட்டணத்தை 10 முதல் 35 ரிங்கிட்டுக்குள் வைத்தன. 2025 மே 1ஆம் தேதி மருந்து விலையைக் காட்சிக்கு வைக்கும் உத்தரவு நடப்புக்கு வந்தபோதும் அதே 35தான் உச்சம். மே 6ஆம் தேதி நூற்றுக்கணக்கான மருத்துவர்கள் புத்ராஜெயாவில் திரண்டதற்கு இதுவும் ஒரு காரணம். வாடகை, தாதி சம்பளம், காத்திருக்கும் நேரம் எல்லாவற்றையும் மருந்து விலைக்குள் வைத்துத்தான் பல கிளினிக்குகள் சமாளித்து வந்தன.

விலையைக் காட்டச் சொன்னது சரியே. மாத்திரை என்ன விலை என்று தெரிந்துகொள்ள நோயாளிக்கு உரிமை உண்டு. ஆனால் நேரத்துக்குப் பெயர் வைக்காமல் மாத்திரைக்கு மட்டும் விலை ஒட்டினால், நெருக்கடி நோயாளியின் தலையில்தான் விழும். ஒன்று, பாதியில் எழுப்பி அனுப்புவார்கள். இல்லையென்றால், "ஆஸ்பத்திரிக்குப் போங்க" என்று கடிதம் எழுதுவார்கள். ஆலோசனைக் கட்டணத்தின் உச்சவரம்பை உயர்த்துவது மட்டும் இதைத் தீர்க்காது. இருமலுக்கு ஐந்து நிமிடம் பார்த்தவருக்கும் ஒரு மணி நேரம் படுத்திருந்தவருக்கும் ஒரே தலைப்பில்தானே பில் வரும்?

தோட்டத்து டிரஸர் காலத்தில் இந்தக் கேள்வி எழவில்லை. காய்ச்சல்காரரை மாலை வரை கட்டிலில் வைத்துப் பார்த்தாலும் செலவு நிர்வாகத்துடையது. (வைத்தியத்தின் தரம் வேறு கதை.) தோட்டம் கைமாறி, லயம் காலியாகி, பிள்ளைகள் ஈப்போ தொழிற்சாலைகளுக்கு வந்த பிறகு டிரஸர் இருந்த இடத்துக்குப் பேனல் கிளினிக் அட்டை வந்தது. ஒரு தடவைக்கு இவ்வளவுதான் என்று வரம்பு போட்ட அட்டையாக இருந்தால், மிச்சத்தைக் கவுண்டரிலேயே கட்டச் சொல்வார்கள்.

அரசு கிளினிக்கில் குடிமக்களுக்கு ஒரு ரிங்கிட். எவ்வளவு நேரம் படுத்திருந்தாலும் அதே ஒரு ரிங்கிட். ஆனால் மூச்சிரைப்பு அலுவலக நேரம் பார்த்து வருவதில்லை. தனியார் கிளினிக்கிற்குப் போகிறவர்கள் கட்டிலில் படுக்கும் முன்பே, கண்காணிப்புக்குத் தனிக் கட்டணம் உண்டா என்று கேட்டுவிடலாம். பணம் கட்டும்போது ஆலோசனை, மருந்து, கண்காணிப்பு என்று தனித்தனியாக எழுதித் தரச் சொல்லலாம்.