பால்வாடி: பிச்சையல்ல, உரிமை!

நடவு காலம். கிழக்கு வெளுக்குமுன் தாய் வயலுக்குப் போய்விடுகிறாள். கைக்குழந்தை வரப்போரத்து மரத்தில் கட்டிய தூளியில் கிடக்கிறது. அதை ஆட்டிக்கொண்டு நிற்பவள் யார்? பள்ளிக்கூடத்தில் இருக்கவேண்டிய எட்டு வயது அக்காள்! ஒன்றுக்குப் பாலில்லை, மற்றொன்றுக்குப் படிப்பில்லை. ஆலை வட்டாரத்து லயன் வீடுகளிலும் இதே கதைதான்.

"பிள்ளைகளைக் கவனிக்காத ஜனங்கள்" என்று பெரிய மனிதர்கள் பேசுகிறார்கள். கூலிக்குப் போனால் பிள்ளை தனியே. போகாவிட்டால் அடுப்பு எரியாது. இதில் தாயின் குற்றம் எங்கே இருக்கிறது?

1948ம் ஆண்டு பாக்டரிச் சட்டம், 50 பெண்களுக்கு மேல் வேலை செய்யும் ஆலையில் பிள்ளைக் காப்பகம் வேண்டுமென்றது. 1976ல் அந்த எண்ணிக்கை 30 ஆகக் குறைக்கப்பட்டது. ஆனால் இன்று ஒரு மிராசுதார், நாளை வேறொருவர் என்று கூலிக்குப் போகும் பெண்ணுக்கு எந்த எஜமான் காப்பகம் கட்டுவார்? அந்தப் பொறுப்பு சர்க்காருடையது. 1975 அக்டோபர் 2ல் 33 வட்டாரங்களில் துவங்கிய ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டத்தின் அங்கன்வாடியைத்தான் நாம் பால்வாடி என்கிறோம். சத்துணவு, தடுப்பூசிக்கு ஏற்பாடு, எடை பார்த்தல், கர்ப்பிணிக்கு ஆலோசனை, பிள்ளைக்குப் பாட்டும் படிப்பும்—எல்லாம் ஒரே கூரையின் கீழ்!

இது தர்மச் சோறல்ல. 2006 டிசம்பர் 13ல் சுப்ரீம் கோர்ட் தெளிவாகவே உத்தரவிட்டது. ஆறு வயதுக்குட்பட்ட 40 குழந்தைகளாவது உள்ள கிராமத்துக் குடியிருப்பிலோ நகரத்துச் சேரியிலோ மையம் இல்லையென்றால், ஜனங்கள் கேட்ட மூன்று மாதத்துக்குள் அமைத்துத் தரவேண்டும். தாழ்த்தப்பட்டோர், பழங்குடி மக்கள் குடியிருப்புகளுக்கே முன்னுரிமை. 2013ம் ஆண்டு உணவுப் பாதுகாப்புச் சட்டம், மூன்று முதல் ஆறு வயதுப் பிள்ளைக்குக் காலைச் சிற்றுண்டியும் சூடான சாப்பாடும் இலவசம் என்கிறது.

காகிதத்தில் உரிமை இருக்கிறது. கேட்பவன் இல்லாவிட்டால் அது காகிதத்திலேயே கிடக்கும்.

இன்னொன்றையும் மறக்கலாகாது. நம் பிள்ளையைத் தூக்கி வளர்க்கும் அங்கன்வாடி ஊழியரும் உழைப்பாளிதான். ஆனால் அவர் பெறுவது சம்பளமல்ல, 'மதிப்பூதியமாம்'! 2018 அக்டோபரில் மத்திய சர்க்கார் நிர்ணயித்த தொகை ஊழியருக்கு ரூ. 4,500, உதவியாளருக்கு ரூ. 2,250. மாநில சர்க்கார்கள் சேர்ப்பது தனி. இவர்களைத் தொழிலாளர்களாக அங்கீகரிக்கவேண்டுமென 2013 மே மாதம் இந்தியத் தொழிலாளர் மாநாடே சிபாரிசு செய்தது. பணிக்கொடை பெறும் உரிமை உண்டென 2022 ஏப்ரலில் சுப்ரீம் கோர்ட் தீர்ப்பளித்தது. ஊழியர் வயிறு காய்ந்தால் மையம் எப்படிச் செழிக்கும்? அவர் போராட்டத்துக்கு வரும்போது, "மையத்தைப் பூட்டிவிட்டார்களே" என்று முணுமுணுக்காதீர்கள். பக்கத்தில் போய் நில்லுங்கள்.

தோழர்களே! உங்கள் தெருவில் ஆறு வயதுக்குட்பட்ட பிள்ளைகளை எண்ணுங்கள். பால்வாடி இல்லையா? நாற்பது பிள்ளைகளின் பெயரையும் எழுதி, தாய்மார்கள் கையெழுத்திட்டு, கைநாட்டு வைத்து மனுக் கொடுங்கள். தேதியிட்ட ரசீது வாங்குங்கள். பால்வாடி இருக்கிறதா? கூரை ஒழுகுகிறதா, தண்ணீர் வருகிறதா, பிள்ளைக்குச் சேரவேண்டியது சேருகிறதா என்று போய்ப் பாருங்கள். தாய் வேலைக்குப் போகும் நேரத்தில் கதவு திறந்திருக்க வேண்டுமென்று கேளுங்கள்.

கூலி உயர்வுக்காகப் போராடத் தெரிந்த நமக்கு, பிள்ளையின் ஒரு தட்டுச் சோற்றுக்காகப் போராடத் தெரியாதா? தூளியாட்டும் அந்தச் சிறுமி பள்ளிக்குப் போகட்டும். சங்கத்தின் அடுத்த கூட்டத்தில் இதுவே முதல் தீர்மானமாகட்டும்!