சிக்னல் இல்லையென்றால் சத்துணவு இல்லையா?

நாடு முழுவதும் ஏறத்தாழ 14 லட்சம் அங்கன்வாடி மையங்களின் அன்றாடப் பணி, 2021 மார்ச் முதல் ‘போஷன் டிராக்கர்’ என்னும் கைபேசிச் செயலியோடு பிணைக்கப்பட்டுள்ளது. 2025 ஜூலை 1 முதல், கர்ப்பிணிகளும் பாலூட்டும் தாய்மார்களும் மூன்று வயதுக்குட்பட்ட குழந்தைகளின் பெற்றோரும் சத்துணவுப் பொருள்களை வீட்டுக்கு எடுத்துச் செல்ல முக அடையாளச் சரிபார்ப்பைக் கட்டாயமாக்கியது ஒன்றிய அரசு. ஆதார் சரிபார்ப்பு, கைபேசிக்கு வரும் கடவுச்சொல், முகப் படம் என ஒவ்வொரு படியையும் தாண்டியாக வேண்டும். பஸ்தரின் காட்டுக் கிராமத்திலும் லடாக்கின் பள்ளத்தாக்கிலும் இதற்கான சிக்னலை யார் தருவது?

இணையம் இல்லாத இடத்தில் மென்பொருள் இயங்காது என்பது உண்மையல்ல. பதிவு செய்த விவரத்தைக் கைபேசியிலேயே சேமித்து, இணைப்புக் கிடைத்ததும் மைய வழங்கிக்கு அனுப்பும் முறை நெடுங்காலமாக உள்ளது. 2018இல் தொடங்கிய போஷன் அபியானின் முந்தைய அங்கன்வாடி மென்பொருளே அப்படி இயங்கும் வகையில் உருவாக்கப்பட்டதுதான். இந்நாட்டின் மின்னணு வாக்குப்பதிவு இயந்திரம் எந்த வலைப்பின்னலோடும் இணைக்கப்படாமலேயே இயங்குகிறது. வாக்குக்கு இணையம் தேவையில்லை. கர்ப்பிணியின் சத்துமாவுக்கு மட்டும் தேவையா?

கைபேசியில் சேமிக்கும் வசதி மட்டும் போதாது. செவ்வாய்க்கிழமை செய்த பணி வெள்ளிக்கிழமை வழங்கியை அடைந்தால், அது செவ்வாய்க்கிழமைப் பணியாகவே கணக்கிடப்பட வேண்டும். இரு பதிவுகள் முரண்பட்டால் எது ஏற்கப்பட்டது என்பது ஊழியருக்குத் தெரிய வேண்டும். கைபேசி பழுதானால் காகிதப் பதிவேடு சான்றாக ஏற்கப்பட வேண்டும். இவை தொழில்நுட்ப நுணுக்கங்களாகத் தோன்றலாம். ஆனால், இணைப்பு அறுந்தால் அதன் இழப்பைச் சுமப்பவர் யார் என்பதை இவையே தீர்மானிக்கின்றன. இன்று அந்தச் சுமை ஊழியரின் தோளிலும் தாயின் தட்டிலும் ஏற்றப்பட்டுள்ளது.

போலிப் பயனாளிகளைத் தடுக்கவே இந்த ஏற்பாடு என்கிறது அரசு. மாதந்தோறும் குழந்தையை எடை பார்த்து, வீடு வீடாகச் செல்லும் ஊழியருக்குத் தன் ஊர்த் தாயின் முகம் தெரியாதா? உழைப்பவரை நம்பாமல் கருவியை நம்பும் ஆட்சி, அந்த உழைப்புக்குத் தரும் மதிப்பு என்ன? 2018 அக்டோபரில் ஒன்றிய அரசு நிர்ணயித்த மதிப்பூதியம் ஊழியருக்கு மாதம் 4,500 ரூபாய். உதவியாளருக்கு 2,250 ரூபாய். இவர்கள் பணிக்கொடைக்கு உரியவர்கள் என்று உச்ச நீதிமன்றம் 2022 ஏப்ரலில் தீர்ப்பளித்தது. அத்தகைய ஊழியரைத்தான் கைபேசியைத் தூக்கிக்கொண்டு மேட்டுக்கும் மரத்தடிக்கும் சிக்னல் தேடி அலையவிடுகிறார்கள்.

காஷ்மீரில் 2019 ஆகஸ்ட் முதலும், மணிப்பூரில் 2023 மே முதலும் மாதக்கணக்கில் கைபேசி இணையச் சேவையை முடக்கியவை அரசுகளே. இணையத்தைத் தாமே துண்டித்துவிட்டு, உணவுக்கு இணையத்தை நிபந்தனையாக்குவது எந்த நியாயம்?

2013ஆம் ஆண்டின் தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டம் கர்ப்பிணிக்கும் பாலூட்டும் தாய்க்கும் குழந்தைக்கும் சத்துணவைச் சட்ட உரிமையாக்கியது. அதில் சிக்னல் என்னும் நிபந்தனை இல்லை. ஆகவே, முகச் சரிபார்ப்புக் கட்டாயம் கைவிடப்பட வேண்டும். செயலி முழுமையாக இணையமின்றி இயங்க வேண்டும். கைபேசிக்கும் இணையக் கட்டணத்துக்கும் அரசே பொறுப்பேற்க வேண்டும். பதிவு தாமதமானதற்காக எவருடைய ஊதியமும் உணவும் நிறுத்தப்படக் கூடாது. அங்கன்வாடி ஊழியர்களின் இக்கோரிக்கைகளைத் தாய்மார்களின் கோரிக்கைகளாகவும் மாற்றுவது கிளைதோறும் தோழர்கள் மேற்கொள்ள வேண்டிய கடமை.