வெள்ளைப் பல்லும் நல்ல பல்லும்

நமது வீடுகளில் ஒரு பெண் பிள்ளையின் பல்லைப் பற்றிய பேச்சு பெரும்பாலும் இரண்டு சந்தர்ப்பங்களில்தான் எழும். ஒன்று, அவள் பல்வலியால் இரவு முழுவதும் அழும்போது. மற்றையது, பெண் பார்க்க வந்தவர்கள் எழுந்து போன பிறகு. "புள்ள நல்லம், பல்லுத்தான் கொஞ்சம் மஞ்சள்" என்று ஒரு வசனம் யார் மூலமாவது வீட்டுக்கு வந்து சேர்ந்துவிடும். வலி வரும்வரை பல்லைப் பார்க்க மாட்டோம். வலி இல்லாத நாளில் அதன் நிறத்தை மட்டும் பார்ப்போம். இந்த இரண்டு பழக்கங்களும் சேர்ந்து நமது பற்களையும் நமது பிள்ளைகளின் மனதையும் பாதிக்கின்றன என்பது என் கருத்து.

முதலில் நிறத்தைப் பற்றிப் பார்ப்போம். பல்லின் வெளி உறை எனாமல். மனித உடலில் அதைவிடக் கடினமான பொருள் வேறில்லை. ஆனால் அது சுண்ணாம்பு போல வெண்மையானதல்ல. ஒளியை ஓரளவு உள்ளே விடக்கூடியது. அதற்குக் கீழே உள்ள டென்ரைன் இயற்கையிலேயே இளமஞ்சள் நிறமானது. எனவே நன்றாக இருக்கும் பல்லும் சற்று மஞ்சளாகத் தெரியலாம். வயது செல்லச் செல்ல எனாமல் தேய்ந்து மெலிவதால் மஞ்சள் இன்னும் கூடும். தேநீர், வெற்றிலை, இரும்புச்சத்துப் பாணி ஆகியவை வெளிப்புறத்தில் கறை படியச் செய்யும். சிறு வயதில் கொடுக்கப்படும் டெட்ராசைக்கிளின் வகை மருந்து பல்லின் உட்புறத்தையே நிறம் மாற்றிவிடும். இவற்றில் எதுவும் "இந்தப் பிள்ளை பல் தீட்டுவதில்லை" என்பதற்குச் சாட்சியாகாது.

இதை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. எங்கள் விடுதியில் வடமத்திய மாகாணத்துக் கிராமங்களிலிருந்து வந்து தங்கிப் படிக்கும் தோழிகள் இருக்கிறார்கள். அவர்களில் சிலருடைய முன்பற்களில் பழுப்பு நிறக் கோடுகளும் வெண் திட்டுகளும் உள்ளன. காலையும் இரவும் தவறாமல் பல் துலக்குகிறவர்கள் அவர்கள். ஆனாலும் சிரிக்கும்போது கை தானாக வாய்க்குப் போய்விடுகிறது. நன்றாகப் பேசத் தெரிந்த ஒருத்தி, மேடையில் எல்லோரும் தன் பல்லைத்தான் பார்ப்பார்கள் என்று சொல்லி விவாத அணியில் சேர மறுத்துவிட்டாள்.

அந்தக் கறைக்குக் காரணம் அவர்களுடைய ஊர்க் கிணற்று நீர். உலர் வலயத்தின் பல இடங்களில் நிலத்தடிப் பாறைகளிலிருந்து புளோரைட்டு நீரில் கரைகிறது. குடிநீரில் ஒரு லீற்றருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் புளோரைட்டு இருக்கக் கூடாது என்பது உலக சுகாதார ஸ்தாபனத்தின் வழிகாட்டல். அதைவிடக் கூடிய நீரைச் சிறு வயதில், அதாவது நிரந்தரப் பற்கள் தாடைக்குள் உருவாகும் காலத்தில், தொடர்ந்து குடித்தால் எனாமலில் இந்தத் திட்டுகள் விழுகின்றன. பல் முளைத்து வெளியே வரும்போதே கறையுடன்தான் வருகிறது. எவ்வளவு தீட்டினாலும் அது போகாது.

இது நமது நாட்டுக்கு மட்டும் உரியதல்ல. அமெரிக்காவின் கொலராடோ ஸ்பிரிங்ஸ் நகரில் 1901 இல் தொழில் தொடங்கிய பிரெட்ரிக் மெக்கே என்ற பல் வைத்தியர், அங்கு பிறந்து வளர்ந்தவர்களின் பற்களில் இதே பழுப்புக் கறையைக் கண்டார். குடிநீரில் உள்ள புளோரைட்டுத்தான் காரணம் என்பது 1931 இல் தெரியவந்தது. அதற்கிடையில் மெக்கே இன்னொன்றையும் கவனித்திருந்தார். கறை படிந்த அந்தப் பற்கள் எளிதில் சூத்தையாகவில்லை. இன்று நாம் வாங்கும் பற்பசையில் அளவாகப் புளோரைட்டு சேர்க்கப்படுவதற்கு வழிகாட்டிய அவதானிப்பு அது. பாதிப்பு கடுமையாக இருந்தால் எனாமல் பொரிந்து உதிரும். அதற்கு வைத்தியம் தேவை. ஆனால் இலேசான கறை உள்ள ஒரு பல், விளம்பரத்தில் வரும் வெள்ளைப் பல்லைவிடப் பலமானதாக இருக்கக்கூடும்.

அந்தப் பகுதிகளில் சிறு பிள்ளைகள் உள்ள பெற்றோருக்கு ஒரு வார்த்தை. நீரைக் கொதிக்க வைத்தால் புளோரைட்டு போய்விடும் என்று பலர் நம்புகிறார்கள். கிருமிகள்தான் சாகும், புளோரைட்டு போகாது. எட்டு வயது வரையாவது பிள்ளைக்குச் சுத்திகரிப்பு நிலைய நீரையோ முறையாகச் சேகரித்த மழை நீரையோ குடிக்கக் கொடுப்பதே பயன் தரும்.

இனி வெண்மையாக்கும் வழிகளுக்கு வருவோம். கல்யாணமோ பெருநாளோ நெருங்கினால் எங்கள் வயதுப் பிள்ளைகளின் கைபேசிகளில் இந்தக் குறிப்புகள் பறக்கத் தொடங்கும். தேசிக்காய்ச் சாற்றில் அப்பச் சோடாவைக் கலந்து தேய்த்தல், உப்பால் தேய்த்தல், கரித்தூள். கரித்தூள் இப்போது அழகான போத்தலில் அடைக்கப்பட்டு இணையத்தில் விற்பனைக்கும் வருகிறது. தேசிக்காய்ச் சாற்றின் பி.எச். பெறுமானம் ஏறத்தாழ 2. பி.எச். 5.5 இற்குக் கீழே போனாலே எனாமல் கரையத் தொடங்கும். கரித்தூளும் உப்பும் மேற்பரப்பை உரசுகின்றன. முதல் சில நாட்களில் வெளிக்கறை போவதால் பல் வெளுத்தது போல இருக்கும். ஆனால் உரசிப் போன எனாமல் மீண்டும் வளராது. அதை உருவாக்கிய கலங்கள் பல் முளைக்கும்போதே அழிந்துவிடுகின்றன. எனாமல் மெலிந்தால் உள்ளிருக்கும் மஞ்சள் முன்னரைவிட நன்றாகத் தெரியும், குளிர்ந்த நீர் பட்டாலும் கூசும். வெண்மைக்காகத் தேய்த்துத் தேய்த்து மஞ்சளையே வெளியே கொண்டு வருகிறோம்.

பல் வைத்தியர்கள் செய்யும் வெண்மையாக்கல் வேறு. அதில் ஐதரசன் பேரொட்சைட்டு அல்லது அதை வெளிவிடும் ஒரு சேர்வை அளவறிந்து பயன்படுத்தப்படுகிறது. அதுவும் சில காலமே நிற்கும். அடைத்த பல்லையோ செயற்கைப் பல்லையோ வெளுக்கச் செய்யாது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2012 முதல் 0.1 சதவீதத்துக்கு மேல் ஐதரசன் பேரொட்சைட்டு உள்ள வெண்மையாக்கிகளைப் பல் வைத்தியரின் வழியாக மட்டுமே பெறலாம். 18 வயதுக்குட்பட்டவர்களுக்கு அவற்றைப் பயன்படுத்தக் கூடாது. எனக்கு வயது பதினேழு. என் வயதுப் பிள்ளைக்கு அங்கு வைத்தியரே செய்யக் கூடாத ஒன்றை, இங்கு சிட்டையில் என்ன எழுதியிருக்கிறது என்றுகூட வாசிக்காமல் வாங்குகிறோம்.

அழகாக இருக்க விரும்புவது தவறா என்று சிலர் கேட்கலாம். தவறில்லை. சுத்தமும் அழகும் நமது மார்க்கம் விரும்புபவை. நான் கேட்பது எது முதலில் என்பதைத்தான். வெளுப்பதற்கு ஆயிரத்தைந்நூறு ரூபா கொடுக்கத் தயாராக இருக்கும் நாம், இலவசமாகப் பல்லைப் பரிசோதிக்கும் அரசாங்க வைத்தியசாலைக்கு வலி இல்லாமல் ஒரு நாளாவது போனதுண்டா? அங்கு கூட்டம் உண்டு, விடியற்காலையிலேயே இலக்கம் எடுக்க வேண்டியிருக்கும் என்பது உண்மைதான். ஆனால் சூத்தை சிறியதாக இருக்கும்போது வலிப்பதில்லை. வலிக்கத் தொடங்கும்போது அது பெரும்பாலும் நரம்பை நெருங்கிவிட்டிருக்கும். கராம்பு எண்ணெய் வலியை மரக்கச் செய்யும், சூத்தையை ஆற்றாது. பல்லில் பூச்சி என்று மூத்தவர்கள் சொல்வார்கள். உண்மையில் அங்கு பூச்சி இல்லை. நாம் உண்ணும் சீனியைப் பற்றீரியாக்கள் அமிலமாக்குகின்றன. அந்த அமிலமே பல்லை அரிக்கிறது.

"பாற்பல்தானே, விழுந்துவிடும்" என்பது தாய்மாரிடம் நான் அடிக்கடி கேட்கும் இன்னொரு வசனம். பிள்ளைக்கு ஏறத்தாழ ஆறு வயதில், பாற்பற்களுக்குப் பின்னால், எந்தப் பல்லும் விழாமலேயே ஒரு கடைவாய்ப் பல் முளைக்கும். அது நிரந்தரப் பல். அதையும் பாற்பல் என்று எண்ணிக் கவனிக்காமல் விட்டால், வாழ்நாள் முழுவதும் மெல்ல வேண்டிய பல்லை அந்தப் பிள்ளை சிறு வயதிலேயே இழந்துவிடும்.

பயத்தால் பிறந்த நம்பிக்கைகளும் உண்டு. மேற்பல்லைப் பிடுங்கினால் கண் பார்வை குறையும் என்பார்கள். பார்வைக்குரியது இரண்டாவது மண்டையோட்டு நரம்பு, பல்லுக்குரியது ஐந்தாவது. இரண்டும் வேறு வேறு. கல் எடுத்தால் பல் ஆடும் என்பார்கள். அந்தக் கல் சேர்ந்து முரசைக் கெடுப்பதால்தான் பல் ஆடுகிறது. முரசில் இரத்தம் வந்தால் பல் துலக்குவதை நிறுத்துகிறார்கள். அந்த இரத்தம் முரசு வீங்கியிருப்பதன் அறிகுறி. மென்மையான பிரஷ்ஷால் தொடர்ந்து துலக்க வேண்டிய நேரம் அது.

நாம் அஞ்ச வேண்டிய வெண்மை ஒன்று இருக்கிறது. அதை யாரும் கண்டுகொள்வதில்லை. வெற்றிலை போடும் பெரியவர்களின் கன்னத்தின் உட்புறத்தில், துடைத்தாலும் போகாத வெண் திட்டு சில வேளை தோன்றும். வலிக்காது. ஆனால் அது புற்றுநோயாக மாறக்கூடும். இலங்கையில் ஆண்களிடையே அதிகம் காணப்படும் புற்றுநோய் வாய்ப் புற்றுநோய். புகையிலை சேர்க்காவிட்டால் ஆபத்தில்லை என்று என் மூத்தும்மாவைப் போலப் பலர் நம்புகிறார்கள். கொட்டைப்பாக்குத் தனியாகவே புற்றுநோயை உண்டாக்கும் என்று சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி முகவரகம் 2004 இல் வெளியிட்ட அறிக்கையில் கூறியது. திட்டைக் கண்டால் மறுநாளே வைத்தியரிடம் காட்ட வேண்டும்.

நோன்பு காலத்தில் ஒரு மாதம் முழுவதும் பல் துலக்குவதையே பலர் குறைத்துக்கொள்கிறார்கள். சஹர் உணவுக்குப் பின் ஸுப்ஹுக்கு முன்னரும், இரவில் தூங்கப் போகும் முன்னரும் பற்பசையால் துலக்க எந்தத் தடையும் இல்லை. மிஸ்வாக்கை நபி (ஸல்) அவர்கள் எவ்வளவு வலியுறுத்தினார்கள் என்பதைச் சிறு வயது முதல் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். தொழுகைக்கு முன் வாயைச் சுத்தம் செய்யும் பழக்கம் நமக்குள் ஏற்கனவே இருக்கிறது. அதற்குரிய நோக்கம் தூய்மை.

பெற்றோரிடம் எனது வேண்டுகோள் இதுதான். மாதத்தில் ஒரு நாள் பிள்ளையை வெளிச்சத்தில் உட்கார வைத்து வாயைத் திறக்கச் சொல்லிப் பாருங்கள். கடைவாய்ப் பல்லில் கரும் புள்ளி இருக்கிறதா, முரசு சிவந்திருக்கிறதா என்று பாருங்கள். மகனுக்குப் பெண் பார்க்கப் போகும்போது பல்லின் நிறத்தைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசாதீர்கள். நமது கல்லூரி வருடத்தில் ஒரு தடவையாவது பல் வைத்தியர் ஒருவரை அழைத்து எல்லா வகுப்புகளுக்கும் பரிசோதனை நடத்த வேண்டும். தோழியரே, பக்கத்தில் இருப்பவள் வாயைப் பொத்திச் சிரித்தால் ஏன் என்று கேட்டுவிடாதீர்கள். அடுத்த விவாதப் போட்டிக்குப் பெயர் கொடுக்கும்போது அவளுடைய பெயரையும் சேர்த்துக் கொடுக்கச் சொல்லுங்கள்.