திகதியை மாற்றினால் போதுமா?



பெப்ரவரி பிறந்தால் நமது மஹல்லா வட்ஸ்அப் குழுமங்களில் இரண்டு வகைச் செய்திகள் வரும். ஒன்று, 4 ஆம் திகதி காலை பள்ளிவாசலில் கொடியேற்றம், எல்லோரும் நேரத்துக்கு வாருங்கள் என்ற அறிவித்தல். மற்றது, வடக்கு கிழக்கில் அன்றைய தினம் கரிநாள் என்ற செய்தி. இம்முறை மூன்றாவதாக ஒன்றும் வந்தது. "ஒரு பகுதியினர் அழுகின்ற நாளை எப்படித் தேசிய தினம் என்பது? திகதியையே மாற்றிவிட்டால் என்ன?" என்று ஒரு தம்பி எழுதினார். பத்து நிமிடத்தில் குழுமம் இரண்டுபட்டது. "இது சிங்களவருக்கும் தமிழருக்கும் இடையிலான பிரச்சினை. நாம் பேசாமல் கொடியை ஏற்றிவிட்டு வீட்டுக்குப் போவோம்" என்று ஒரு மூத்தவர் முடித்துவைக்க, அட்மின் குழுமத்தைப் பூட்டிவிட்டார்.

குழுமத்தைப் பூட்டலாம். வகுப்பறையை என்ன செய்வது?

கொட்டாஞ்சேனையிலும் வெள்ளவத்தையிலும் தமிழ் மொழிமூலம் கற்பிக்கும் எங்களுக்கு இது அரசியல் விவாதம் அல்ல, அன்றாட வேலை. ஒரே வாங்கில் வன்னியிலிருந்து வந்த குடும்பத்துப் பிள்ளையும், கொச்சிக்கடைக் கத்தோலிக்கப் பிள்ளையும், மலையகத்திலிருந்து கடை வேலைக்கு வந்த தகப்பனின் பிள்ளையும், நம் பிள்ளையும் உட்கார்ந்திருக்கிறார்கள். சுதந்திர தினத்துக்கு வழக்கம்போல கட்டுரை எழுதச் சொன்னோம். ஒரு பிள்ளை கொப்பியை வெறுமையாகத் தந்தது. ஏன் என்று கேட்டோம். "எங்கட வீட்டில அண்டைக்கு ஒருத்தரும் சந்தோஷமா இருக்கிறதில்ல டீச்சர். பொய்யா எழுதவா?"

அந்தக் கொப்பிக்கு என்ன புள்ளி போடுவது என்று ஆசிரியர் அறையில் நெடுநேரம் பேசினோம். ஒருவரிடமும் பதில் இல்லை.

திகதியை மாற்றச் சொல்லும் தம்பியின் கோபத்தில் நியாயம் இருக்கிறது. 1948 பெப்ரவரி 4 இல் சுதந்திரம் வந்தது. அதே வருடம் பிரஜாவுரிமைச் சட்டமும் வந்தது. தேயிலையில் இந்த நாட்டைக் கட்டிய மலையக மக்களில் மிகப் பெரும்பாலானோர் நாடற்றவர்களானார்கள், பிறகு வாக்குரிமையும் போனது. கொழும்பில் கடை வைத்திருந்த இந்திய வம்சாவளி முஸ்லிம் குடும்பங்களையும் அந்தச் சட்டம் விடவில்லை. நாம் பெருமையாகப் பேசும் ரீ.பி. ஜாயா அவர்கள் அந்த முதல் அமைச்சரவையில் இருந்தார். அதையும் மறைக்காமல்தான் சொல்ல வேண்டும். 1956 இல் தனிச் சிங்களச் சட்டம். 1957 இல் இதே பெப்ரவரி 4 அன்று திருகோணமலையில் கறுப்புக் கொடி ஏற்றப்போன நடராசன் என்ற இளைஞர் சுட்டுக் கொல்லப்பட்டார். கரிநாள் என்பது நேற்று யாரோ தூண்டிவிட்டு வந்த பழக்கம் அல்ல.

சரி, மாற்றுவோம். எந்த நாளுக்கு?

இந்த நாடு அதை ஒருமுறை செய்து பார்த்திருக்கிறது. 1948 இல் கிடைத்தது அரைகுறைச் சுதந்திரம், இங்கிலாந்து மகாராணிதான் இன்னும் அரச தலைவி என்று இடதுசாரிகள் வாதிட்டார்கள். 1972 மே 22 இல் குடியரசானோம். சில வருடங்கள் அந்த நாளே பெரிதாகக் கொண்டாடப்பட்டது. ஆனால் அந்தக் குடியரசு யாப்பில்தான் பௌத்தத்துக்கு முதன்மை இடம் எழுதப்பட்டது. சோல்பரி யாப்பில் சிறுபான்மையினருக்குக் காப்பாக இருந்த 29 ஆம் பிரிவும் அதோடு இல்லாமற் போனது. தமிழர்கள் அந்த நாளையும் துக்க நாளாக்கினார்கள். தந்தை செல்வா அதே வருடம் தனது பாராளுமன்ற ஆசனத்தைத் துறந்தார். 1977 ஆட்சி மாற்றத்துக்குப் பிறகு பெப்ரவரி 4 பழைய இடத்துக்குத் திரும்பியது. திகதி போய்த் திகதி வந்தது. வெறும் கொப்பி தந்த பிள்ளையின் பாட்டனாருக்கு அதனால் ஒன்றும் மாறவில்லை.

மே 19? தெற்கில் அது போர்வீரர் நாள். முதல் நாள் மே 18 இல் வடக்கு முள்ளிவாய்க்காலை நினைத்து அழுகிறது. நமது கலண்டரில் காயம்படாத நாள் என்று எதையும் காண முடியவில்லை. இதுதான் எங்கள் முதல் வாதம்.

வெளிநாட்டிலும் இந்தப் பிரச்சினை உண்டு. அவுஸ்திரேலியாவில் ஜனவரி 26 தேசிய தினம். 1788 இல் ஆங்கிலேயர் அங்கே குடியேறிய நாள் அது. பூர்வீகக் குடிகள் 1938 இலேயே அதைத் துக்க நாள் என்று அறிவித்தார்கள். திகதியை மாற்று என்ற கோரிக்கை இன்றும் ஓயவில்லை. தென்னாபிரிக்கா வேறு வழியில் போனது. டிசம்பர் 16, 1838 இல் வெள்ளையர் சூலு மக்களை வென்ற நாள். வெள்ளை அரசு அதை வெற்றி விழாவாக்கியது. 1961 இல் அதே நாளில்தான் மண்டேலாவின் இயக்கம் ஆயுதப் போராட்டத்தைத் தொடங்கியது. நிறவெறி ஆட்சி விழுந்த பிறகு அந்தத் திகதியை அவர்கள் அழிக்கவில்லை. நல்லிணக்க தினம் என்று பெயரை மாற்றி, இரண்டு தரப்புக் கதையையும் அதே நாளில் வைத்தார்கள். அதனால் அங்கே எல்லாம் சரியாகிவிட்டது என்று நாங்கள் சொல்லவில்லை. ஆனால் அந்த நாளில் தங்கள் கதையைச் சொல்வதற்கு யாரும் ஒளிய வேண்டியதில்லை.

எங்கள் கருத்து இதுதான். பெப்ரவரி 4 இருக்கட்டும். அந்த நாளில் நாம் செய்வதை மாற்றுவோம். கறுப்புக் கொடி கட்டுபவரைத் துரோகியாகப் பார்ப்பதை முதலில் நிறுத்துவோம்.

"நமக்கேன் வம்பு?" என்று மூத்தவர்கள் கேட்பது விளங்குகிறது. 2019 ஏப்ரல் 21 க்குப் பிறகு நாம் பட்டது கொஞ்சமா? அபாயாவைக் கண்டால் பஸ்ஸில் விலகி உட்கார்ந்தார்கள். மே மாதம் மினுவாங்கொடையில் கடைகள் எரிந்தன. அதற்குப் பிறகு கொடி நமக்கு ஒரு கவசம் மாதிரி ஆகிவிட்டது. ஆனால் பயத்தில் ஏற்றும் கொடியை நம் பிள்ளைகள் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

2021 பெப்ரவரி 4 ஐ ஒரு முறை நினைத்துப் பாருங்கள். அன்று நமது பள்ளிவாசல்களில் கொடி ஏறியது. அதே நாட்களில் நமது ஜனாஸாக்கள் எரிந்துகொண்டிருந்தன. பிறந்து 20 நாளான குழந்தையைக்கூட விடவில்லை. பொரளை கனத்தை வேலியில் கட்டிய கபன் துணித் துண்டுகளை மறக்க முடியுமா? அந்த வாரம்தான் பொத்துவிலிலிருந்து பொலிகண்டி வரை தமிழ் உறவுகள் நடந்தார்கள். அவர்களுடைய கோரிக்கைகளில் ஜனாஸா எரிப்பை நிறுத்து என்பதும் ஒன்று. கிழக்கில் நம்மவர்களும் அவர்களோடு சேர்ந்து நடந்தார்கள். அடக்கம் செய்ய அனுமதிக்கும் வர்த்தமானி வந்தது அந்த மாதக் கடைசியில்தான். நாம் கொடி பிடித்த நாளில் நமது மையித்துக்காக வீதியில் இறங்கியவர்கள், நாம் "அவங்கட பிரச்சினை" என்று ஒதுக்கும் மனிதர்கள்தான்.

மறுபக்கமும் இருக்கிறது. 1990 ஓகஸ்ட் 3 இல் காத்தான்குடிப் பள்ளிவாசலில் தொழுதுகொண்டிருந்தவர்கள் கொல்லப்பட்டதையும், ஒக்டோபரில் வடக்கு முஸ்லிம்கள் ஒரே உத்தரவில் வெளியேற்றப்பட்டதையும் எத்தனை தமிழ் நண்பர்கள் நினைவுகூருகிறார்கள் என்று நாம் கேட்கிறோம். கேட்கத்தான் வேண்டும். ஆனால் மே 18 இல் வெள்ளவத்தைக் கடற்கரையில் சிலர் கூடி விளக்கேற்றும்போது, காலி வீதியில் கடை வைத்திருக்கும் நம்மில் எத்தனை பேர் அங்கே போய் நின்றிருக்கிறோம்? அஞ்சலி நமது முறையில் இருக்கலாம். பேசாமல் நின்றாலே போதும்.

ஏப்ரல் 21 இல் கொட்டாஞ்சேனையில் அது நடக்கிறது. காலை 8.45 க்கு மௌனம். கொச்சிக்கடை அந்தோனியார் கோவிலில் இறந்தவர்களுக்காக நமது கடைக்காரர்களும் தராசை வைத்துவிட்டு எழுந்து நிற்கிறார்கள். விடுமுறை அறிவித்தா அதைச் செய்கிறார்கள்?

நாம் தொடங்கக்கூடியவை பெரிய காரியங்கள் அல்ல. தமிழ் மொழிமூலப் பாடசாலைகளில் தேசிய கீதத்தைத் தயக்கமில்லாமல் தமிழில் பாடுவோம். 2016 இல் காலிமுகத்திடலில் அரச விழாவிலேயே அது பாடப்பட்டது. 2020 இல் நிறுத்தினார்கள். ஆனாலும் தமிழ் வடிவம் அரசியலமைப்பில் இருக்கிறது. அதைத் தமிழாக்கிய முதுதமிழ்ப் புலவர் நல்லதம்பி வட்டுக்கோட்டைக்காரர், கொழும்பு ஸாஹிராவில் தமிழாசிரியராக இருந்தவர். ஜாயா அதிபராக இருந்த அதே ஸாஹிரா. இதை நம் பிள்ளைகளில் எத்தனை பேருக்குச் சொல்லியிருக்கிறோம்?

காலைக்கூட்ட உரையில் சுதந்திரத்தைச் சொல்லும்போது பிரஜாவுரிமைச் சட்டத்தையும் சேர்த்துச் சொல்வோம். கொடியின் பச்சைக் கோடும் செம்மஞ்சள் கோடும் வந்த கதையை, சிங்கத்துக்கு வெளியே கோடு எதற்கு என்று செனட்டர் நடேசன் உடன்படாமல் போனதையும் சேர்த்துச் சொல்வோம். பள்ளிவாசல் நிர்வாக சபைகள், கொடியேற்றத்துக்குப் பிறகு கேட்கும் துஆவில் இந்த மண்ணில் அநியாயமாக இறந்த எல்லாக் குடும்பங்களுக்கும் நீதியும் ஆறுதலும் கேட்கட்டும். ஓகஸ்ட் 3 நிகழ்வுக்குப் பக்கத்து வீட்டுத் தமிழ்க் குடும்பத்தையும் அழைப்போம்.

"திகதியை மாற்றாவிட்டால் அநியாயத்தை ஏற்றுக்கொண்டதாகாதா?" என்று தம்பி கேட்கலாம். தம்பி, நீங்கள் அன்று கொடி பிடிக்காமல் இருந்தால் அது உங்கள் உரிமை. அதற்காக யாராவது உங்களை ஏசினால் நாங்கள் உங்கள் பக்கம்தான். ஆனால் திகதியை மாற்றிவிட்டுக் கதையை மாற்றாமல் விட்டால், புதிய நாளிலும் ஒரு பிள்ளை வெறும் கொப்பிதான் தரும்.

அடுத்த வருடம் கட்டுரைத் தலைப்பை மாற்றுவதாக முடிவு செய்திருக்கிறோம். "சுதந்திர தினத்தின் மகிமை" இல்லை, "பெப்ரவரி 4 எங்கள் வீட்டில்". உண்மையாக எழுதும் எல்லோருக்கும் முழுப் புள்ளி.

மாற்றுக்கருத்து உள்ளவர்கள் தாராளமாக எழுதுங்கள். யாரையும் ஏசாமல் எழுதுங்கள், நமது மாணவர்களும் இதை வாசிக்கிறார்கள்.

வல்ல அல்லாஹ் நீதியின் பக்கம் நிற்கும் தைரியத்தை நம் எல்லோருக்கும் தருவானாக. ஆமீன்.